வயிற்றில் விழுந்த முடிச்சு

கொலை செய்தது யாரென்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. துப்பறியும் நாவல் எது கையில் கிடைத்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன். இவன்தானா, சரி என்று தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு காலை நீட்டி உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பேன். இதில் என்ன தப்பு? நம் வீட்டுப் புத்தகம், எந்தப் பக்கமாகத் திறந்தால் யாருக்கென்ன? என் வீட்டுக்காரருக்கு மட்டும் இது மகாபாதகம். கல்யாணமான புதிதில் நான் இப்படிப் படிப்பதைப் பார்த்தவர், அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அவர் பெயர் பக்தவத்சலம். ஆரணிப் பக்கம். கட்கியில் வெடிமருந்து ஃபேக்டரியில் பேக்கிங் பிரிவில் வேலை கிடைத்துப் புனேவுக்கு வந்தவர். நான் பவுன், கட்கியிலேயே பிறந்தவள். என் அப்பாவுக்கும் அதே ஃபேக்டரிதான். நான் படித்தது மராத்திப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்தைக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள், அதுவும் அரைகுறை. அதை ஓட வைத்தது இந்த நாவல்கள்தான். எவன் கத்தியை எடுத்தான், எவள் பாலில் விஷம் கலந்தாள் என்று தெரிந்துகொள்கிற அவசரம் வந்துவிட்டால் எழுத்து தானாக ஓடும். இன்றைக்கும் பிரேதப் பரிசோதனை என்ற வார்த்தை எனக்குச் சட்டென்று வரும். கொத்தமல்லி வராது, கோத்மீர் என்றுதான் வாயில் வரும்.

தொண்ணூறுகளில் மாதம் பிறந்தால் ராஸ்தா பேட்டையில் அப்பளமும் காப்பித்தூளும் விற்கிற தமிழ்க் கடைக்கு நாவல்கள் வந்து இறங்கும். மட்டமான காகிதம், கையில் மை ஒட்டும். அட்டையில் யாராவது ஒரு பெண் வாயைத் திறந்து அலறிக்கொண்டிருப்பாள். இவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் வாங்கி வருவார். அவர் படித்ததும் நான், எனக்குப் பிறகு பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள், அப்புறம் குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசை முழுக்கச் சுற்றும். "முடிச்சு எப்படி?" என்றுதான் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். முடிச்சு நன்றாக விழுந்திருக்கிறது என்று இவர் சொல்லிவிட்டால் அந்த நாவலுக்கு அடிதடி. கொலைகாரன் பெயரை மட்டும் யாரும் மூச்சு விடக் கூடாது. நான் ஒரு தடவை குழாயடியில் வாய் தவறி உளறியதற்கு, அந்தோணியம்மாள் அந்த மாதம் முழுக்க என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

இவர் படிக்கிற விதமே வேறு. அத்தியாயத்தின் கடைசி வரியில் எவனோ கதவைத் தட்டுவான். அல்லது மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கும். எனக்கு அந்த இடத்தில் உயிரே போகும். இவர் சாவதானமாகப் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் கேட்டே விட்டேன், எப்படித்தான் மனசு வருகிறது என்று.

"இன்னிக்கு பூரா அந்தக் கதவு என் கூடவே இருக்கும், பவுனு" என்றார். "பொட்டிக்கு ஆணி அடிச்சுகினே, தட்டுனவன் இவனா இருக்குமோ, அவனா இருக்குமோன்னு நெனச்சுகினு இருப்பேன். ஷிஃப்ட் போறதே தெரியாது. நீ கடைசிப் பக்கத்தைப் படிச்சுட்டு உக்காந்துகினு இருக்கே. உனக்கு நாளைக்குன்னு இன்னா இருக்குது?"

பாதி நாவலுக்குள்ளேயே அவருக்குக் கொலைகாரன் யாரென்று தெரிந்துவிடும். முகத்தைப் பார்த்தால் நான் கண்டுபிடித்துவிடுவேன், மூக்கின் ஓரத்தில் ஒரு சிரிப்பு ஒட்டியிருக்கும். ஆனால் வாயைத் திறக்க மாட்டார். தப்பில்லாமல் பேசுகிறவனைச் சந்தேகப்படுவார். கேட்காமலே உதவிக்கு ஓடி வருகிறவனை ரொம்பச் சந்தேகப்படுவார். போலீஸ்காரன் கண்டுபிடிக்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, எல்லோரும் படித்து முடித்த பிறகு, இந்தப் பக்கத்தில் இப்படிச் சொன்னான் பார், அங்கேயே தெரிந்துபோயிற்று என்பார். அந்த நேரம் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். அவரிடம் சொன்னதில்லை.

எங்களுக்கு ஒரே பிள்ளை, சபரி. இங்கிலீஷ் பள்ளிக்கூடம். வெளியில் இந்தியும் மராத்தியும் பேசுவான். வீட்டில் பேசுகிற தமிழில் நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தை தமிழாக இருந்தால் பெரிசு. தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. சின்ன வயதில் அவனுக்குக் கதை சொல்கிறேன் என்று இவர் உட்கார்ந்தால், "பப்பா, சீக்கிரம் போலோ நா, யார் மாரா?" என்று, கொன்றது யாரென்பதை மட்டும் கேட்டுக்கொண்டு டிவி பார்க்கப் போய்விடுவான். உன் புத்தி அப்படியே வந்திருக்கிறது என்று என்னைச் சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனாலும் தன் அலமாரிப் பக்கம் பிள்ளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது அவருக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. படித்து முடித்துக் கராடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தான். அப்பாவும் பிள்ளையும் கிரிக்கெட்டும் பெட்ரோல் விலையும் பேசிக்கொள்வார்கள். அதற்கு மேல் ஒன்றும் இருக்காது.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் மழை ஆரம்பித்த நேரத்தில் இவருக்குச் சாப்பாடு பிடிக்காமல் போனது. வாயுத் தொல்லை என்றார். பேண்ட் இடுப்பில் நிற்காமல் கயிற்றைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். நான் கத்திக் கூப்பாடு போட்ட பிறகுதான் கேம்ப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தார். எல்லாப் பரிசோதனையும் முடிந்து, அவரை வெளியில் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் வயதான மனிதர், மராத்திக்காரர். நான் மராத்தியில் பேசியதும் அவரும் மராத்தியிலேயே சொன்னார். வயிற்றில் 'காட்' இருக்கிறதாம். மீதியை உங்கள் மகனிடம் சொல்கிறேன், அவரை வரச் சொல்லுங்கள் என்றார்.

மராத்தியில் கயிற்றில் போடுவதும் காட்தான், உடம்பில் கிளம்புவதும் காட்தான். இரண்டுக்கும் ஒரே வார்த்தை. எனக்குத் தமிழில் அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. வெளியில் வந்தேன். என்னவாம் என்று கேட்டார். வயிற்றில் ஒரு முடிச்சு விழுந்திருக்கிறதாம் என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "முடிச்சா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப சரி" என்று எழுந்து, ரிக்‌ஷா பிடிக்கப் போனார்.

அன்று சாயங்காலம் அந்தோணியம்மாள்தான், தமிழில் அதைக் கட்டி என்று சொல்வார்கள் என்று எனக்குச் சொன்னாள். மறுநாள் சபரி டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தான். வீட்டுக்குள் வராமல் என்னை வெளியில் புளியமரத்தடிக்குக் கூப்பிட்டான். கான்சர், அம்மா என்றான். பரவிவிட்டதாம், வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டதாம். தீபாவளி வரைக்கும் இருந்தால் அதிகம் என்று சொல்லியிருக்கிறார்கள். மரத்தைப் பிடித்துக்கொண்டேன். அவன் என் இரண்டு கையையும் பிடித்தான். அப்பாவுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் அந்த நிமிஷமே ஒடிந்துபோவார், நான் எல்லாம் பார்த்துக்கொள்கிறேன், நீ வாயை மட்டும் திறக்காதே என்று கெஞ்சினான். எந்த விஷயமும் என் வாயில் நிற்காது என்று அவனுக்குத் தெரியும். தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

ஆக, நான் தெரியாமல் சொன்ன தப்பு வார்த்தையே எங்களுக்கு வசதியாகப் போயிற்று. குடலில் முடிச்சு, மருந்தில் மெதுவாக அவிழும், நாளாகும். வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் அதையே சொன்னோம். சபரி பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆஸ்பத்திரி ஃபைல் மேலே ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துவிட்டுக் காலண்டர் அட்டை போட்டான். மருந்து ஏற்றுகிற பிரிவின் முன்வாசலில் வியாதியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது என்று, பார்க்கிங் கிடைக்கவில்லை என்ற சாக்கில் பின்வாசல் வழியாகவே கூட்டிப் போனான். மாத்திரைகளைப் பிரித்துச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டான். ஏற்றுகிற மருந்தைக் குளுக்கோஸ் என்றான். கணபதி பண்டிகைக்கு நீங்கள் ஃபேக்டரியில் இருப்பீர்கள் பப்பா என்றான். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எனக்கு உள்ளுக்குள் கோபம்கூட வந்தது. கிடைக்கிற நாவலில் எல்லாம் கொலைகாரனைப் பிடிக்கிற மனிதருக்குத் தன் உடம்பில் இருப்பது தெரியவில்லையே என்று. அடுத்த நிமிஷமே, தெரியாமலே இருக்கட்டும் சாமி என்று கும்பிட்டுக்கொள்வேன்.

கையில் புத்தகம் பிடிக்க முடியாமல் போனதும் மத்தியானத்தில் நான் படித்துக் காட்ட ஆரம்பித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நான் தடுக்கித் தடுக்கித்தான் படிப்பேன். அதுவே நன்றாக இருக்கிறது, பயம் கூடுகிறது என்பார். நான் என் வழக்கப்படி கடைசிப் பக்கத்தை முன்னாடியே பார்த்து வைத்திருப்பேன், ஆனால் குரலில் காட்டிக்கொள்ள மாட்டேன். வெளியில் மழை பெய்துகொண்டே இருக்கும். ஒரு அத்தியாயம் முடியும். யாராவது கதவைத் தட்டுவார்கள். "நிறுத்து, நாளைக்கு" என்பார். அந்த வார்த்தையைக் கேட்கத்தான் நான் படித்தேன் என்று சொல்ல வேண்டும். நாளைக்கு என்று அவர் சொன்னால், நாளைக்கு அவர் இருப்பார். எனக்கு அப்படி ஒரு பைத்தியக்கார நம்பிக்கை.

கணபதி வந்து போய், மழை விட்டு வெயில் அடித்த ஒரு மத்தியானம். புது நாவல். எஸ்டேட் முதலாளி செத்துக் கிடக்கிறார், வீட்டில் இருக்கிற எல்லோர் மேலும் சந்தேகம். பாதிக்கு மேல் வந்திருந்தோம். அத்தியாயத்தின் கடைசி வரியில் தோட்டத்து விளக்கு அணைந்தது. நான் புத்தகத்தை மூடினேன்.

"அப்புறம்?" என்றார்.

அத்தியாயம் முடிந்துவிட்டது, நாளைக்கு என்றேன்.

"இல்ல. இன்னிக்கே மிச்சத்தையும் படிச்சுடு."

எனக்குப் புரிய ஒரு மூச்சு விடுகிற நேரம் ஆயிற்று. இத்தனை வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, இந்த மனிதர் கதவைத் திறந்து பார்க்கிறேன் என்று சொன்னதில்லை. கையிலிருந்த புத்தகத்தை அவர் மேலேயே விட்டெறியலாம் போல இருந்தது. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"நீ சொன்ன அன்னிக்கே" என்றார். கண்ணைத் திறந்தார். "தமிழ்ல வயித்துல முடிச்சுன்னு யாரு சொல்லுவாங்க, பவுனு? நீ மராத்தில கேட்டுகினு வந்து சொன்னே. டாக்டரு காட்னு சொல்லியிருப்பாரு. எங்க செக்‌ஷன்ல ஒருத்தரு வீட்டம்மா அதுலதான் போனாங்க. அங்க பெஞ்சுலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன்யா கேக்கல?" என்று கத்தினேன். நான் மாத்திரம் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு தினம் தினம் அழுதுகொண்டிருந்தேனே, அது காதில் விழவில்லையா என்று கேட்டேன். விழுந்தது என்றார். அப்படியென்றால் ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா, என்னைத் தனியாக விட்டுவிட்டாயே பாவி என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். எலும்பு கையில் தட்டுப்பட்டது. விட்டுவிட்டேன்.

அவர் என் கையை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். மெதுவாகத்தான் பேசினார், இடையிடையே மூச்சு வாங்கியது.

"உன்னைத் தனியா வுட்டது தப்புதான். உன்கிட்ட சொல்லியிருக்கணும். சபரியாலதான் சொல்லல. நான் படிக்கிற கதையை அவன் ஒரு நாளும் தொட்டதில்ல. இப்ப எனக்கோசரமே ஒண்ணு கட்டிகினு இருக்கான். பின்வாசலு, காலண்டர் அட்டை, சத்து மாத்திரைன்னு. எவ்ளோ ஓட்டை அதுல! ஆனா எவ்ளோ பாடுபட்டு எழுதுறான் பாரு. தெனம் கராடிலேர்ந்து ஓடியாந்து, இன்னிக்கு இன்னா சொல்லலாம்னு யோசிச்சுகினே உள்ள வர்றான். எழுதுறவன் எதிர்ல உக்காந்துகினு, எனக்கு எப்பவோ தெரியும்டான்னு சொல்லலாமா?"

தண்ணீரை எடுத்துக் கொடுத்தேன். ஒரு மடக்கு குடித்துவிட்டு மறுபடி சொன்னார்.

"அவனுக்குத் தெரிய வாணாம். நான் போன பின்னாடியும் வாணாம். உன் வாயி சும்மா இருக்காது, தெரியும். இது ஒண்ணை மட்டும் வெச்சுக்க."

அதற்கப்புறம் மிச்ச நாவலைப் படித்தேன். அழுதுகொண்டே படித்ததில் பாதி வரி எனக்கே புரியவில்லை. நடுவில் ஒரு இடத்தில் அவர் மூக்கின் ஓரத்தில் சிரிப்பு வந்தது. டாக்டராக வருகிறவன்தானே என்றார், முதல் தடவையாக, முடிவுக்கு முன்னாலேயே வாய் திறந்து. ஆமாம் என்றேன். சபரி வருவதற்குள் முகத்தைக் கழுவிக்கொள், கண் சிவந்திருக்கிறது என்று என்னை அனுப்பினார்.

அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பிள்ளையிடம் மறைத்தோம். சபரி வந்து உட்கார்ந்ததும், டாக்டர் என்ன சொன்னார், ஃபேக்டரிக்கு எப்போது போகலாம் என்று இவரே கேட்பார். பிள்ளை அதற்குத் தயாராக ஒரு பதில் வைத்திருப்பான். அதை அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் இவர் முகத்தை ஆவலாக வைத்துக்கொண்டு கேட்பார். சில நாள், அப்படியென்றால் வலி ஏன் இன்னும் குறையவில்லை என்று ஒரு சந்தேகம் எழுப்புவார். சபரி திணறி, யோசித்து, குடல் முடிச்சு அவிழும்போது அப்படித்தான் வலிக்குமாம் என்று ஏதோ சொல்லிச் சமாளிப்பான். இவர் ஒப்புக்கொண்டு சாய்ந்துகொள்வார். பிள்ளை வெளியே போனதும் என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையில் அப்படி ஒரு பெருமை, அவனுக்கு ஏதோ பரிசு கிடைத்துவிட்ட மாதிரி. அப்பாவும் பிள்ளையும் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் பேசியது அந்த நாட்களில்தான். தினம் சாயங்காலம் ஆனால் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

தீபாவளிக்குச் சில நாள் முன்னால் போனார். பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நாளைக்குக் கொஞ்சம் நடக்கலாம் பப்பா என்று அவன் சொல்ல, சரிடா என்றார். அதுதான் கடைசிப் பேச்சு.

காரியமெல்லாம் முடிந்து, வந்த ஜனம் போன பிறகு, சபரி என் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தான். அதுவரைக்கும் அவன் அழவில்லை. எல்லா ஏற்பாட்டையும் அவன்தான் ஓடி ஓடிச் செய்தான். முகம் கறுத்து, கன்னம் ஒட்டியிருந்தது. அம்மா, ஒன்று மட்டும் எனக்குத் திருப்தி என்றான். என்னடா என்றேன்.

"பப்பாவுக்கு லாஸ்ட் வரைக்கும் பதா நஹி சலா, தெரியவே இல்ல. பயப்படாமப் போனாரு நா?"

பிறகு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான். ஃபைல் சீட்டை எந்த இடத்தில் நின்று கிழித்தான், பின்வாசல் காவலாளியை எப்படிச் சரிக்கட்டினான், ஒரு நர்ஸ் வியாதியின் பெயரைச் சொல்ல வாயெடுத்தபோது எப்படி நடுவில் புகுந்து இருமினான். எல்லாவற்றையும் புதிதாகக் கேட்கிறவள் போலக் கேட்டேன். ஐயோ, அப்படியா என்றேன். அவர் உன்னைவிடக் கெட்டிக்காரர் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவரைப் பற்றிப் பிள்ளையிடம் சொல்ல அதைவிடப் பெரிய விஷயம் என்னிடம் ஒன்றும் இல்லை. சொல்லியிருந்தால் அவர் யாரென்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். கடைசியில் அவன் என் முகத்தையே பார்த்தான். அவருக்கு நிஜமாகவே தெரியாதல்லவா, ஒரு நாளாவது சந்தேகப்பட்டாரா என்று கேட்டான்.

"இல்லடா கண்ணு" என்றேன். "நீ சொன்னதை அப்பிடியே நம்பிகினுதான் போனாரு."

அப்போதுதான் சபரி என் மடியில் தலையை வைத்து அழுதான்.